படவு வரையத் தெரியாத டீச்சர்

1

போன வாரம் ஈப்போ கல்வி அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன்.

மகள் ஷீலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது, பகலெல்லாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன், மறுபடியும் டீச்சர் வேலைக்கு எழுதிப்போடலாம் என்று கிளம்பியதன் விளைவு. நாலு பக்கப் படிவம். பெயர், சொந்த ஊர், தகப்பனார் பெயர், கப்பலேறிய துறைமுகம் என்று எல்லாவற்றையும் கையெழுத்துப் பரீட்சைக்கு எழுதுவதுபோல நிரப்பிக்கொண்டு வந்தவள், மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் என்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டதா என்று கேட்டிருந்தது. பக்கத்தில் இரண்டே கட்டங்கள். ஆம். இல்லை.

'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் விளக்கம் எழுத ஆரம்பித்தேன். ஓரம் போதவில்லை. தாளைத் திருப்பினேன்.

வாங்கிப் பார்த்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

"இது என்னம்மா?"

"விளக்கம்."

"கட்டத்துக்குள்ள ஒரு கோடு போட்டால் காணும். கதை எழுத இதில இடமில்லை."

புதுப் படிவம் ஒன்றைத் தந்தார். அதில் கோடு மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கதை கையில் மிஞ்சிவிட்டது. ஊரில் எங்கள் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் மூன்று வருடமாக 'மலேயா அனுபவங்களை எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எதிர்பார்ப்பது ரப்பர் தோட்டத்தை. அவருக்குக் கிடைக்கப்போவது செங்கல்பட்டு மிஷன் பள்ளியின் ஏழாம் வகுப்பு.

2

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது ஐம்பத்தொன்றில். ஹையர் எலிமெண்டரி பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. எனக்கு இருபத்திரண்டு வயது, புதிதாக வாங்கிய டிரெயினிங் சர்ட்டிபிகேட், அதைவிடப் புதிதான ஒரு குடை. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது.

ஏழாம் வகுப்புக்கு வாரம் முழுவதும் ஒரு ஒழுங்கு இருந்தது. திங்கட்கிழமை மனப்பாட வசனம் ஒப்பிப்பது. செவ்வாயும் புதனும் கணக்கோடு தக்ளியில் நூல் நூற்பது. வியாழக்கிழமை பூகோளம். வெள்ளிக்கிழமை மூன்றாம் மணி வேதபாடம். சனிக்கிழமை காலையில் நான் ஒரு நீளமான நோட்டில், 'இந்த வாரம் ஏழாம் வகுப்பு கற்றது' என்று தலைப்பிட்டு எழுதி, தலைமை ஆசிரியர் தேவசகாயம் ஐயாவிடம் வைக்க வேண்டும். பள்ளிக்கு மேனேஜராக இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அதைச் சிவப்புப் பென்சிலோடு படிப்பார். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் என்ன நடத்தினேன் என்பதைத்தான் எழுதினேன். இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். கடைசி பெஞ்சில் கன்னியம்மா. மகாபலிபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து பள்ளியின் போர்டிங்கில் தங்கிப் படித்தவள். வயது பதினான்கு, வகுப்பிலேயே உயரம். அதிகம் பேசமாட்டாள். பேசினால் பதில் சொல்ல முடியாதபடி பேசுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாடம், சீஷர்களோடு படகில் போகையில் தூங்கிவிட்ட இயேசு, புயலுக்குப் பயந்து அவர்கள் எழுப்பியதும் காற்றையும் கடலையும் அதட்டி அமைதியாக்கியது. வேதத்தில் படவு என்று இருப்பதால் கரும்பலகையில் ஒரு படவு வரைந்தேன். கடலை நான் அதுவரை ஒரே ஒருமுறை, மதராஸில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். நான் பிறந்தது மதுராந்தகத்தில். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் ஏரிதான். அந்தக் கதை நடந்த கலிலேயாக் கடலும் உண்மையில் ஏரிதான் என்று வெகு நாள் கழித்துப் படித்தபோது, தெரியாமலாவது கொஞ்சம் சரியாக இருந்திருக்கிறேன் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

பாய்மரம் வரைந்தேன். பாய் இடதுபக்கம் புடைத்திருந்தது. உச்சியில் அழகுக்காக ஒரு கொடி வைத்தேன். அது வலதுபக்கம் பறந்தது.

"டீச்சர்" என்றாள் கன்னியம்மா. "காத்து ரெண்டு பக்கமும் அடிக்குதா?"

வகுப்பு சிரித்தது. கொடியை அழித்தேன். குரலை உயர்த்தி, "சீஷர்கள் ஏன் பயந்தார்கள்?" என்று கேட்டேன். விசுவாசக் குறைவு என்பது பதில். முன்வரிசையில் பத்துக் கைகள் உயர்ந்தன. நான் வேண்டுமென்றே கன்னியம்மாவைக் கேட்டேன்.

அவள் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னாள். "அவங்க கடல்காரங்கதானே டீச்சர். கடல்லயே பொறந்து வளந்தவங்க. அவங்களே பயந்தாங்கன்னா அது நெசமாவே பெரிய காத்து. இயேசு சாமி தச்சரு. அவருக்குக் கடலைப் பத்தி இன்னா தெரியும்? அதான் தூங்கிகினு இருந்தாரு."

இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. அவள் கேலி செய்யவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, சிரிப்பைத்தான் கேட்டேன்.

"மீன் நாத்தத்தோட வந்து உட்கார்ந்துகிட்டு எனக்கே வேதம் சொல்லித் தர்றியா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் அதட்டியதும் வகுப்பு அப்படி அமைதியானது அதுவே முதல் முறை. கன்னியம்மா சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, பெஞ்சைச் சத்தமில்லாமல் நகர்த்தி, வெளியே போனாள். போகட்டும், தாழ்வாரத்தில் நிற்பாள் என்று நினைத்துப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

சாயங்காலம் போர்டிங் வார்டன் வந்து, பெண்ணைக் காணோம் என்றார்.

3

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஈப்போவுக்கு வந்த புதிதில் மலாய் மொழியில் தேங்காய்க்கு கெலாப்பா என்று கற்றுக்கொண்டேன். தலைக்கு கெப்பாலா. ஒரு காலை, சந்தை நிறைய ஆட்கள் இருக்கும்போது, தேங்காய் துருவித் தரும் மலாய்க்காரரிடம் போய், துருவிய தலை ஒன்று வேண்டுமென்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஒரு கையால் தேங்காயைத் தொட்டு 'கெலாப்பா' என்றார், மறுகையால் தம் குல்லாவைத் தொட்டு 'கெப்பாலா' என்றார். பிறகு எப்போதையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே துருவிப் போட்டார்.

இப்போது வீட்டில் என்னைத் திருத்துகிறவள் ஷீலா. ஆறு வயது. நான் "நாஸ்தா சாப்பிட்டியா?" என்றால், "பசியாறுனியான்னு கேக்கணும்மா, மிஸ் சிரிப்பாங்க" என்கிறாள். 'இன்னா' என்று வாயில் வந்துவிட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். என் தமிழ் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுடைய தமிழில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இரண்டுபேரும் சமாதானமாக இருப்பது தூங்கும்போது மட்டும்தான்.

4

சனிக்கிழமை காலையில் தேவசகாயம் ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு குப்பத்துக்கே போயிட்டுதாம். பஸ் கண்டக்டர் வந்து சொல்லிட்டுப் போறான்" என்றார். "சொல்லாமல் மூணு நாள் வராவிட்டால் போர்டிங்கில் பேரை எடுத்துடுவாங்க, தெரியுமில்ல? எடுத்துட்டா அது படிப்பு அத்தோட சரி. திங்கட்கிழமை மிஸ்ஸியம்மா வர்றாங்க. அதுக்குள்ள பெஞ்சில ஆள் இருக்கணும்."

"யாரை அனுப்புறது ஐயா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பத்து மணி பஸ்ஸில் குடையோடு கிளம்பினேன். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தேன். கல்வியின் மேன்மை, கட்டுப்பாட்டின் அவசியம், பெற்றோரின் பொறுப்பு என்று மூன்று தலைப்பு. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. மலைக்குக் கழுகு வரும் நேரம் என்று பாதிப் பேர் இறங்கிப் போனார்கள். டிரைவர் நாஸ்தாவுக்குப் போனார். பஸ்ஸில் நானும், காலியான மீன்கூடையோடு ஒரு அம்மாளும் மட்டும்.

"வாத்யாரம்மாவா?" என்றாள்.

"ஆமாம்."

"எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு செங்கப்பட்டு இஸ்கோல்ல படிச்சிகினு இருந்துச்சி. எவளோ வாத்யாரம்மா திட்டிட்டான்னு நேத்து வந்துட்டுது. நீ அங்கதான் வேலையா?"

"இல்லை, மதுராந்தகம்" என்றேன்.

பொய் சாட்சி கூடாது என்று அந்த வாரத் திங்கட்கிழமைதான் நாற்பத்திரண்டு பேரையும் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். மகாபலிபுரத்தில் அவளும் இறங்கினாள், நானும் இறங்கினேன். குப்பத்துக்கு வழி தெரியாததால் அவள் பின்னாலேயே நடந்தேன். கன்னியம்மாவின் வாசலில் அவள் நின்று திரும்பிப் பார்த்தபோது நானும் நிற்க வேண்டியதாயிற்று.

"மதுராந்தகம் இவ்ளோ கிட்டயா கீது?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு போய்விட்டாள்.

5

கன்னியம்மாவின் அப்பா மணலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். அம்மா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னியம்மா வீட்டுக்குள் இருந்தாள். அவள் பாவாடையின் ஓரம் வாசலில் தெரிந்தது. மூன்று தலைப்பில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"நான்தான் ரூத் டீச்சர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இன்னா கதைம்மா அது? பொண்ணு சொல்லிச்சி. தச்சரு ஒருத்தரு படவுல தூங்கிகினு இருந்தாராமே. முழுசா சொல்லு."

திட்டுவார் என்று வந்தவளுக்கு இது பெரிய விடுதலை. கதையை ஆரம்பித்தேன்.

"எப்ப எறங்குனாங்க?"

"சாயங்காலம்."

"பொழுது சாஞ்சப்புறமா? எதுக்கு?"

"அக்கரைக்குப் போவதற்கு."

"ஆளு எத்தினி?"

"பன்னிரண்டு சீஷர்கள். எல்லாரும் அதே படவில் இருந்திருப்பார்கள். கூடவே வேறு சில படவுகளும் போயின."

அவர் கை நின்றது. "கூட வந்ததுங்களா? அதுங்க இன்னா ஆச்சு?"

டிரெயினிங் பள்ளியில் இரண்டு வருடம் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று படித்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் அதற்கு முன் ஆறு வருடம் கேட்டிருக்கிறேன். கூட வந்த படவுகள் என்ன ஆயின என்று நானும் யோசித்ததில்லை, யாரும் கேட்டும் கேள்விப்பட்டதில்லை.

"வேதத்தில் சொல்லவில்லை" என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "காத்து நின்னுடுச்சின்னா எல்லாருக்கும்தானே நின்னிருக்கும். வந்திருப்பாங்க" என்று சொல்லி வலையை மறுபடி எடுத்தார்.

அப்போதுதான் கன்னியம்மாவின் அம்மா எழுந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு நாறுதுன்னு சொன்னியாமே டீச்சரம்மா."

"சொன்னேன். தப்புதான். என்னை மன்னிச்சிடுங்க."

"என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற? நான் மீன் விக்கறவ. என் மேல மீன் நாத்தம் அடிக்கும். எனக்கு அது ஒண்ணும் இல்ல. நீ அத்த நாப்பது புள்ளைங்க முன்னாடி வெச்சி சொன்ன. நீ சொன்னத அதுங்கல்லாம் கேட்டிச்சிங்க. கேக்கறதா இருந்தா அங்க வெச்சிக் கேளு."

"வகுப்பிலா?"

"அப்புறம் இங்கயா? எங்களுக்கு முன்னாடி கேட்டுட்டு நீ பஸ் ஏறிப் போயிடுவ. அது அங்கதான் குந்தணும்."

ஒரு டீச்சர் வகுப்பில் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது டிரெயினிங் பள்ளியில் எந்தப் பாடத்திலும் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் பாவாடை ஓரம் அசைந்தது. கன்னியம்மா வெளியே வந்து என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், "அவங்க கேக்கமாட்டாங்கம்மா" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"கேட்கிறேன்" என்றேன்.

6

திங்கட்கிழமை வசனம் ஒப்பிப்பதற்கு முன்னால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்னியம்மா ஞாயிறு சாயங்காலமே அண்ணன் ஏழுமலையோடு வந்து போர்டிங்கில் சேர்ந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் கன்னியம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. நான் அதற்காக வருத்தப்படுகிறேன். என்னை மன்னிச்சிடு கன்னியம்மா" என்று முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டாவது வரிசையில் மரகதம் கை தூக்கினாள். காய்ச்சலால் வெள்ளிக்கிழமை வராதவள், எந்தப் பாடமும் விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிற நல்ல மாணவி.

"எந்த வார்த்தை டீச்சர்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. யாரும் அவளுக்கு உதவவில்லை. எனக்கும் உதவவில்லை. சொன்னேன். வெள்ளிக்கிழமை கோபத்தில் வாயிலிருந்து தானாக வந்த வார்த்தையை இப்போது ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மரகதத்துக்கும் வந்துவிட்டது, கேட்டிருக்க வேண்டாம் என்று.

கன்னியம்மா எழுந்தாள். "சரி டீச்சர், பாடம் நடத்துங்க" என்றாள்.

நான் அவளைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்தேன். அவள் கரும்பலகையில் நீளமாக நாலு கோடு போட்டு, இரண்டு இடத்தில் குறுக்கே கயிறு கட்டினாள். அவர்கள் ஊர்க் கட்டுமரம் அவ்வளவுதான். அதில் மூழ்குவதற்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் மேலே வந்தால் அதுபாட்டுக்கு வழிந்து போகும் என்று விளக்கினாள். நானும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

மிஸ்ஸியம்மா தாழ்வாரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. கன்னியம்மாவை நான் பேசியதற்கு அல்ல. அதைப்பற்றி அதில் ஒரு வரி இல்லை. மாணவியிடம் வகுப்பில் மன்னிப்புக் கேட்டு ஆசிரியரின் மதிப்பைக் குறைத்ததாகவும், பள்ளியின் கட்டுப்பாடு குலைய இடம் கொடுத்ததாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தேவசகாயம் ஐயா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "ரெக்கார்டுல இருக்கும். வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஈப்போ அலுவலகத்தின் கேள்விக்கு 'ஆம்' என்று கோடு போட்டது இதற்காகத்தான். நான் செய்ததில் எது தப்போ அதற்கு நடவடிக்கை இல்லை, எது சரியோ அதற்கு மெமோ. இதை ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? நேற்று அந்த யாழ்ப்பாணத்துக்காரரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. தற்காலிக வேலை கொடுத்திருக்கிறார்கள். என் நேர்மையை மெச்சி என்று எழுதத்தான் ஆசை. ஆள் பற்றாக்குறை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

7

ஐம்பத்து மூன்றில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு மலேயா ரயில்வேயில் வேலை. மே மாதம் மதராஸில் கப்பல். கன்னியம்மா அப்போது எட்டாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கப்பல் நாகப்பட்டணத்துக்குத்தானே டீச்சர் மொதல்ல போவும்? எங்க கரையைத் தாண்டித்தான் போயாவணும்" என்றாள். "அன்னிக்கு அண்ணன் கட்டுமரத்துல நின்னுகினு செவப்புத் துணி காட்டும். பாருங்க."

"கட்டாயம் பார்க்கிறேன்" என்றேன்.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிஷம் நான் கீழ்த்தட்டில் வாளியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு நாளே ஆன கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகாபலிபுரம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. சீஷர்களைப் பற்றி மட்டும் ஒருமுறை நினைத்துக்கொண்டேன். இனிமேல் அவர்களைக் குறை சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஈப்போ வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கன்னியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்துக்கொண்டே வந்ததாகவும், தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்ததாகவும், அலைகளுக்கு நடுவே ஏழுமலை சிவப்புத் துணியை வீசியதைக் கண்டு கண் கலங்கியதாகவும், நானும் முந்தானையை அசைத்ததாகவும் எழுதினேன். அஞ்சல் தலையை ஒட்டும்போது எனக்கே அது நடந்ததுபோல் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. வரி பிசகாத எழுத்து, எங்கள் பள்ளியில் பழகியது.

'அன்புள்ள டீச்சருக்கு வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் பாஸ் பண்ணிவிட்டேன். மேலே படிக்க வைப்பதாக அண்ணன் சொல்கிறது. நீங்கள் கப்பலில் போன அன்று இங்கே கடல் சரியில்லை. நம் கரையில் ஒருவரும் கடலில் கட்டுமரம் தள்ளவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருந்தது. சிவப்புத் துணியோடு நின்றது யார் என்று நைனா கேட்கச் சொன்னார். அவ்வளவு காற்றில் வெளியே போனவர் பத்திரமாகக் கரைக்கு வந்தாரா என்று அவருக்குக் கவலையாக இருக்கிறது.'

கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "என்ன எழுதப் போற?" என்று கேட்டார்.

மூன்று நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். நாலாம் நாள் உட்கார்ந்து, வாளியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினேன்.